காட்டும் பணமும் கட்டும் பணமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி, உயர்கல்விக்காக அயல்நாடு செல்லவிருக்கும் மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலத்தை நம்பியும் ஆசிரியப் பணியை நம்பியும் வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் படிக்கச் செல்கின்றனர். பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்த நாளில் வீடே திருவிழாக் கோலம் பூணுகிறது. உற்றார் உறவினர் வந்து வாழ்த்துகின்றனர். ஆனால் அக்கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அது ரூபாயில் இல்லை; யூரோவிலோ பவுண்டிலோ டாலரிலோ இருக்கிறது. அந்த எண்ணைப் பற்றியதே இவ்வுரை.

ஒரு குடும்பம் உழைத்துச் சேர்ப்பது ரூபாயில். கட்ட வேண்டியதோ வேற்று நாட்டு நாணயத்தில். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பாதையில்தான் பல குடும்பங்களின் சேமிப்பு தெரியாமலேயே கரைகிறது. நகையை அடகு வைத்தும், நிலத்தின் பேரில் கடன் பெற்றும் திரட்டிய பணம் அது. அதில் இழக்கும் ஒவ்வோர் ஆயிரமும் பிள்ளையின் அந்நாட்டு உணவுச் செலவிலிருந்தே குறைகிறது. ஆகவே பணம் புறப்படுமுன் அதன் பாதையை அறிந்துகொள்வது பெற்றோரின் கடமை; மாணவரின் கடமையும் கூட.

நாள் மாறினால் தொகை மாறும்

கடிதத்திலுள்ள எண் மாறாதது என்று பலரும் கருதுகின்றனர். டாலரில் அது மாறாதுதான். ரூபாயில் அது நாள்தோறும் மாறுகிறது. 2013ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலரின் மதிப்பு ஏறத்தாழ 54 ரூபாயாக இருந்தது. ஆகஸ்டு மாத இறுதியில் அது 68 ரூபாயைத் தாண்டிச் சென்றது. மே மாதத்தில் சேர்க்கை பெற்று, 20,000 டாலர் கட்டணத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் திரட்டிய ஒரு குடும்பம், ஆகஸ்டு இறுதியில் அதே கட்டணத்தைச் செலுத்த 13 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் தேடியிருக்கும். பல்கலைக்கழகம் ஒரு சென்ட் கூட உயர்த்தவில்லை. எனினும் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தேவைப்பட்டது. கல்லூரி திறக்கும் பருவத்தில், நான்கே மாதங்களுக்குள் நடந்த மாற்றம் இது.

அந்த ஏற்றம் விதிவிலக்கான வேகமுடையது என்பது உண்மை. ஆயினும் போக்கு ஒரே திசையில்தான் இருந்து வந்துள்ளது. 1966ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டாலரின் மதிப்பு 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக மாற்றப்பட்டது. 2025 டிசம்பரில் அது 90 ரூபாயைத் தாண்டியது. இடையிடையே ரூபாய் வலுப்பெற்ற காலங்களும் உண்டு. நாளை ஏறுமா இறங்குமா என்று வங்கியாளரும் உறுதியாகச் சொல்லார். ஆகவே ஊகத்தை நம்பிக் காத்திருப்பதைவிட, கட்டணத்தை இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்துக் கட்டப் பல்கலைக்கழகம் இசைந்தால், வெவ்வேறு நாட்களில் அனுப்புவது பாதுகாப்பானது. எல்லாப் பணத்தையும் விலை மிகுந்த ஒரே நாளில் மாற்றிவிடும் இடர் அதனால் குறையும்.

கல்விக்கடன் பெறுவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். வங்கி கடனை ரூபாயில் அனுமதிக்கிறது. ஈராண்டுப் படிப்பின் இரண்டாம் ஆண்டுக் கட்டணம், இரண்டாம் ஆண்டின் மாற்று விகிதத்தில் அமையும். அனுமதிக்கப்பட்ட ரூபாய்த் தொகை தானாக உயராது. இன்றைய விகிதத்தில் துல்லியமாகக் கணக்கிட்டுக் கடன் கோருவோர், அடுத்த ஆண்டு இடைவெளியைத் தம் கையிலிருந்து நிரப்ப நேரும். கடன் விண்ணப்பத்திலேயே அதற்கு இடம் வைத்துக் கேட்பது அறிவுடைமை.

நான்கு வகைப் பணம்

அயல்நாடு செல்வோர் பேசும் தொகைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை நான்காகப் பிரித்தறிந்தால் பாதிக் குழப்பம் நீங்கும். காட்ட மட்டும் வேண்டிய பணம் முதல் வகை. தம் பெயரிலேயே வைத்துப் பின்னர் தாமே பெறும் பணம் இரண்டாம் வகை. கட்டினாலும் நிபந்தனையுடன் திரும்பி வரக்கூடிய பணம் மூன்றாம் வகை. கட்டியபின் எந்நிலையிலும் மீளாத பணம் நான்காம் வகை.

முதல் வகைக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் எடுத்துக்காட்டுகள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுக்கான கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்துப் பெருந்தொகை ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டு, முழுத் தொகையையும் விசாவுக்கு முன்பே அனுப்ப வேண்டும் என்று எண்ணிக் கலங்கும் பெற்றோர் பலர். அத்தொகை இருப்பதற்கான சான்றைத்தான் காட்ட வேண்டும். பல்கலைக்கழகம் தனியே முன்பணம் கேட்டிருந்தால் அதை மட்டும் கட்ட வேண்டும்.

பிரிட்டனில் வாழ்க்கைச் செலவுக்கான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாட்களில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இந்திய வங்கியில் ரூபாயாக வைத்திருக்கும் தொகையை, விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில் பவுண்டாக்கியே அங்குள்ள அதிகாரிகள் பார்க்கின்றனர். தேவையான தொகையைக் காசு பிசகாமல் வைத்திருந்த குடும்பம், அவ்வாரத்தில் ரூபாய் சற்றே சரிந்தால் சில பவுண்டுகளில் தோற்றுப்போகும். காட்டும் பணத்தில் சிறிது மிகுதி வைப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் வகைக்கு ஜெர்மனி சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024ஆம் ஆண்டிலிருந்து கட்டணம் பெறத் தொடங்கியுள்ளது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு முன் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் பணம் வைக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. மாணவர் அந்நாட்டை அடைந்து வங்கிக் கணக்குத் தொடங்கியபின், மாதந்தோறும் 992 யூரோ வீதம் அவருக்கே வழங்கப்படும். அது பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் கட்டணமன்று. பிள்ளையின் ஓராண்டுச் சோற்றுக்கும் வாடகைக்கும் முன்கூட்டியே எடுத்துவைக்கும் பணம். கனடாவின் ‘ஜி.ஐ.சி.’ எனும் முதலீட்டுச் சான்றும் இதையொத்ததே. அங்குத் தனி மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 2024 தொடக்கத்தில் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராகவும், 2025 செப்டம்பரில் 22,895 டாலராகவும் உயர்ந்தது. ஈராண்டுகளுக்கு முன் சென்ற அண்டை வீட்டுப் பிள்ளையின் கணக்கை இன்று பின்பற்றலாகாது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

மூன்றாம் வகை, பல்கலைக்கழகம் கேட்கும் முன்பணம். பிரிட்டனில் விசா விண்ணப்பத்துக்குத் தேவையான சேர்க்கை உறுதிச் சான்றை வழங்குமுன் பல பல்கலைக்கழகங்கள் முன்பணம் பெறுகின்றன. விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தருவதாகப் பல நிறுவனங்கள் கூறினும், நிபந்தனைகள் இடத்துக்கு இடம் வேறுபடும். நிர்வாகச் செலவு என ஒரு பகுதியைப் பிடித்தம் செய்வோர் உண்டு. மாணவர் தாமாகவே மனம் மாறினால் எதையும் தராதோரும் உண்டு. போலி ஆவணத்தால் விசா மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் போகும் என்று எழுதிவைத்திருப்போரும் உண்டு. அந்நாட்டு மருத்துவச் சேவைக்காக மாணவர் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், படிப்புக் காலம் முழுமைக்கும் விசா விண்ணப்பத்தோடு முன்கூட்டியே செலுத்துகிறார். விசா மறுக்கப்பட்டால் இத்தொகை திரும்பி வரும். ஆனால் விசா விண்ணப்பக் கட்டணம் வராது.

அவ்வாறு வராத கட்டணமே நான்காம் வகை. அமெரிக்கா செல்லும் மாணவர் கட்டும் 350 டாலர் ‘செவிஸ்’ கட்டணமும், ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணமும் இவ்வகையின. ஆஸ்திரேலியக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆஸ்திரேலிய டாலராகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் அது கைக்கு வருவதில்லை.

இவ்வுரையின் மையக் கருத்து இதுதான்: எந்தத் தொகையையும் அனுப்புமுன் அது நான்கில் எவ்வகை என்று கேட்டறிய வேண்டும், மீளும் பணத்தை முதலிலும் மீளாத பணத்தை இயன்றவரை இறுதியிலும் செலுத்த வேண்டும். விசா கிடைக்குமா என்பது தெரியாத நிலையில் ஆண்டு முழுமைக்கான கட்டணத்தையும் விடுதி வாடகையையும் விமானச் சீட்டையும் ஒருசேரக் கட்டிவிடுவது துணிவாகாது. பல்கலைக்கழகம் கேட்கும் குறைந்த அளவு முன்பணம் எவ்வளவு, அது திரும்புவதற்கான நிபந்தனை என்ன என்பதை எழுத்தில் பெற்று, படித்துப் பார்த்து, பாதுகாத்து வைத்தபின்னரே பணம் புறப்படலாம்.

வங்கியின் கணக்கு

அடுத்து, பணம் புறப்படும் முறை. ஒரு காலத்தில் வெளிநாடு செல்லும் இந்தியர் அந்நியச் செலாவணிக்காக ரிசர்வ் வங்கியின் அனுமதியை நாடி நின்றனர். 1973ஆம் ஆண்டின் கடுமையான அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 1999ஆம் ஆண்டின் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2004ஆம் ஆண்டில் ‘எல்.ஆர்.எஸ்.’ எனும் தாராளமயத் திட்டம் அறிமுகமானபோது ஆண்டு வரம்பு 25,000 டாலர். இன்று ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வங்கிக்குப் பான் எண்ணும், ‘ஏ-2’ படிவமும், சேர்க்கைக் கடிதமும், கட்டணச் சீட்டும், கடவுச்சீட்டின் நகலும் தேவை. அனுமதி எளிதாகிவிட்டது; கணக்கு மட்டும் நுட்பமாகவே உள்ளது.

நாளிதழிலோ கைப்பேசியிலோ காணும் மாற்று விகிதம், வங்கிகள் தமக்குள் பரிமாறும் விகிதம். வாடிக்கையாளருக்கு வங்கி தருவது அதனினும் கூடுதலான விற்பனை விகிதம். யூரோ ஒன்றுக்கு 1 ரூபாய் 50 காசு கூடுதல் எனில், 11,904 யூரோவுக்கு 17,856 ரூபாய் கூடுதலாகிறது. அனுப்பும் கட்டணம் ஐந்நூறா ஆயிரமா என்று வாதிடும் பெற்றோர், இந்தப் பதினேழாயிரத்தைக் கவனிப்பதில்லை; அது எந்தச் சீட்டிலும் கட்டணம் என்று தனியே எழுதப்படாததே காரணம். ஆகவே ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், இரண்டு மூன்று வங்கிகளில் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: “இத்தனை யூரோ முழுமையாகச் சென்று சேர, எல்லாச் செலவும் உட்பட, கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் எடுக்கப்படும்?” அந்த ஒரே விடையை ஒப்பிட்டால் போதும். நெடுநாள் வாடிக்கையாளர் கேட்டால் விகிதத்தைச் சற்றே குறைத்துத் தரும் கிளைகளும் உண்டு. கேளாதவர்க்கு எவரும் குறைப்பதில்லை.

நாணய மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. முழுத் தொகைக்கும் 18 விழுக்காடு என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. தொகையின் ஒரு சிறு பகுதியைச் சேவை மதிப்பாகக் கொண்டு, அதன்மீதே வரி விதிக்கப்படுகிறது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஒரு யூரோ 100 ரூபாய் என்று கொண்டால், முடக்கக் கணக்குக்கான தொகை 11,90,400 ரூபாய். அதற்கான ஜி.எஸ்.டி. ஏறத்தாழ 1,024 ரூபாயே.

பெரிய தொகை வேறொன்று. அது ‘டி.சி.எஸ்.’ எனும், அனுப்பும்போதே வசூலிக்கப்படும் வரி. 2020 அக்டோபரில் இது எல்.ஆர்.எஸ். திட்டத்துக்குப் பொருந்தத் தொடங்கியது. 2025-26 நிதியாண்டின் விதிப்படி, சொந்தப் பணத்திலிருந்து கல்விக்காக அனுப்புவோர்க்கு ஆண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 5 விழுக்காடு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 1,90,400 ரூபாய்க்கு 9,520 ரூபாய் பிடிக்கப்படும். கல்வி நோக்கத்தைச் சரியாகக் குறிக்காமல் பொது வகையில் அனுப்பினால் விகிதம் 20 விழுக்காடாகி, 38,080 ரூபாய் பிடிக்கப்படும். படிவத்தில் நோக்கக் குறியீட்டை எழுதும் ஒரு நிமிடத்தின் மதிப்பு இது. சட்டம் குறிப்பிடும் நிதி நிறுவனங்களிலிருந்து பெற்ற கல்விக்கடனால் கட்டினால் இவ்வரி 2025 ஏப்ரல் முதல் இல்லை. இவ்விகிதங்கள் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் மாறக்கூடியவை. பணம் அனுப்பும் ஆண்டின் விதியையே பார்க்க வேண்டும்.

இவ்வரி முற்றிலும் இழப்பன்று. அனுப்பியவரின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, அவருடைய வருமானவரியில் கழிக்கப்படும். மிகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்வோர்க்கே அது கிடைக்கும். வேளாண்மை வருமானத்தில் வாழ்ந்து, வரிக் கணக்கே தாக்கல் செய்யாத முதியவர் தம் கணக்கிலிருந்து பேரனுக்குப் பணம் அனுப்புகிறார் எனக் கொள்வோம். தமக்கு வரி இல்லையே என்று அவர் வாளாவிருந்தால், பிடிக்கப்பட்ட பணம் அரசிடமே கிடக்கும். அவ்வாண்டு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்தால் அது வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். இதை அறியாது விட்டுவிடும் குடும்பங்கள் நம் ஊர்ப்புறங்களில்தான் மிகுதி.

பத்து லட்சம் என்னும் வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது; ஒவ்வொரு நிதியாண்டுக்கும் உரியது. தந்தையும் தாயும் தத்தம் சொந்தச் சேமிப்பிலிருந்து பகிர்ந்து அனுப்பினால் இருவர்க்கும் தனி வரம்பு உண்டு. கட்டணத்தின் ஒரு தவணை மார்ச் 31க்குள்ளும் மறு தவணை ஏப்ரல் 1க்குப் பின்னும் அமைந்தால் இரண்டு ஆண்டுகளின் வரம்பும் பயன்படும். இவை சட்டம் அளிக்கும் வழிகள். அண்டை வீட்டார் பான் எண்ணைக் கடன் வாங்குவது அவ்வாறன்று.

வழியில் குறையும் பணம்

அனுப்பிய தொகை அப்படியே சென்று சேர்வதில்லை என்பதும் பலர் அறியாதது. இந்திய வங்கிக்கும் பல்கலைக்கழக வங்கிக்கும் நேர்த் தொடர்பு இல்லாதபோது, இடையில் ஒன்றிரண்டு வங்கிகள் பணத்தைக் கடத்துகின்றன. அவை தத்தம் கூலியை அத்தொகையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. 5,000 டாலர் அனுப்பியவர், அங்கே 4,980 மட்டுமே வரவாயிற்று என்று அறிந்து திகைக்கிறார். பல்கலைக்கழகத்தின் கணினிக்கு இருபது டாலர் குறைவும் குறைவே. ‘கட்டணம் நிலுவை’ என்று காட்டிச் சேர்க்கைச் சான்றை நிறுத்திவைக்கும். இதைத் தவிர்க்க, எல்லாக் கட்டணமும் அனுப்புநரையே சாரும் என்னும் முறையைப் படிவத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கிகள் அதை ‘அவர்’ என்று ஆங்கிலச் சொல்லாலேயே வழங்குகின்றன. ‘எங்களுடையது’ என்பது அதன் பொருள்.

மாணவரின் எண்ணைச் செய்திக் கட்டத்தில் பிழையின்றி எழுதுவதும் இன்றியமையாதது. ஆயிரக்கணக்கான மாணவரின் பணம் வந்து குவியும் கணக்கில், தந்தையின் பெயரில் வரும் தொகை யாருடையது என்று அங்குள்ளோர்க்கு எவ்வாறு தெரியும்? அனுப்பியதற்கான ‘ஸ்விஃப்ட்’ நகலை வங்கியில் கேட்டுப் பெற்று, அதைப் பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு அன்றே மின்னஞ்சல் செய்தால் தேடும் வேலை எளிதாகும். இறுதி நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னரே பணம் புறப்பட வேண்டும். இங்கே தைத்திருநாள் விடுமுறை, அங்கே ஈஸ்டர் விடுமுறை, இடையே சனி ஞாயிறு என்று நாட்கள் கழிந்துவிடும்.

திரும்பி வரும் பணத்துக்கும் ஒரு விலை உண்டு. அனுப்பும்போது விற்பனை விகிதம். திரும்பும்போது அதனினும் குறைந்த கொள்முதல் விகிதம். இரண்டுக்கும் இடையே மூன்று ரூபாய் வேறுபாடு எனில், 5,000 பவுண்டு முன்பணம் முழுமையாகத் திரும்பினாலும் 15,000 ரூபாய் குறையும். ‘முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்’ என்னும் வாக்குறுதி அந்நாட்டு நாணயத்தில் உண்மை, ரூபாயில் அன்று.

நேர்வழியின் மதிப்பு

அவசரமும் அறியாமையும் உள்ள இடத்தில் வஞ்சகர் வந்து சேர்வர். மூவகை வஞ்சம் இத்துறையில் பரவலாக உள்ளது. கட்டணத்தைத் தம் கணக்கில் செலுத்தினால் தாமே பல்கலைக்கழகத்துக்குக் கட்டுவதாகச் சொல்லும் முகவர் ஒருவகை. பல்கலைக்கழகத்தின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகப் புதிய எண் தருவோர் இன்னொரு வகை. தள்ளுபடியில் கட்டித் தருவதாகச் சொல்வோர் மூன்றாம் வகை. இவர்கள் திருடப்பட்ட அட்டையின் வழியே கட்டணத்தைச் செலுத்தி, ரசீதைக் காட்டி, மாணவரிடம் ரொக்கம் பெற்றுச் செல்வர். சில வாரங்களில் அட்டைக்கு உரியவர் முறையிட, அந்தக் கட்டணம் நீக்கப்படும். மாணவர் பணத்தை இழப்பதோடு, மோசடிக்கு உடந்தை என்னும் பழியையும் சுமப்பார்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே. பணம் கல்வி நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கோ, அந்நிறுவனம் தன் தளத்தில் அறிவித்துள்ள கட்டண வழிக்கோ மட்டுமே செல்ல வேண்டும். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், அச்செய்தியிலுள்ள எண்ணுக்கன்றி, முன்பே அறிந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்ய வேண்டும்.

வரியும் வங்கிச் செலவும் மிச்சம் என்று கூறி, இங்கே ரூபாயைப் பெற்று அங்கே டாலர் தரும் ஹவாலா வழியும் சிலர் காதில் ஓதப்படுகிறது. அது சட்டத்துக்குப் புறம்பானது; தொடர்புடைய தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க 1999ஆம் ஆண்டின் சட்டத்தில் இடமுண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று அயல்நாட்டு அதிகாரி கேட்டால் காட்ட ஒரு தாளும் இராது. அவ்வாறே, பத்து நாட்களுக்குப் பிறர் பணத்தைக் கடன் வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பித் தருவதும். விசா கிடைத்தாலும், அங்கே சென்றபின் பிள்ளையின் கையில் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இராது. காட்டும் பணம் என்பது அதிகாரியின் கண்ணுக்காக மட்டும் கேட்கப்படுவதன்று. குளிர்காலத்தில் வேலையின்றி இருக்கும் மாணவன் பட்டினி கிடக்காதிருக்கவே கேட்கப்படுகிறது. வாய்மையைப் போற்றும் குடும்பங்களுக்கு இதை மிகுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சமூகம் செய்யத் தக்கது

இத்தகைய கணக்குகளை ஒவ்வொரு குடும்பமும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை மாற வேண்டும். முன்பே சென்ற மாணவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றனர். எந்த வழியில் அனுப்பினர், வழியில் எவ்வளவு குறைந்தது, எத்தனை நாட்கள் ஆயின என்பதை அவர்கள் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால், பின்வரும் மாணவர்க்கு அது பேருதவியாகும். வங்கிப் பணியிலும் தணிக்கைப் பணியிலும் இருந்து ஓய்வு பெற்ற பெரியோர்கள், ஆண்டில் ஒருநாள் அமர்ந்து பெற்றோரின் ஐயங்களைக் களையலாம்.

கல்வி உதவி வழங்கும் அறக்கட்டளைகள் காலத்தையும் கருத வேண்டும். மே மாதத்தில் கட்டணம் கட்ட வேண்டிய மாணவருக்கு ஆகஸ்டில் மேடையேற்றி வழங்கப்படும் காசோலை, இடைப்பட்ட மாதங்களின் வட்டியையும் மாற்று விகித உயர்வையும் ஈடு செய்வதில்லை. தொகை சிறிதாயினும் இறுதி நாளுக்கு முன் கிடைப்பதே உண்மையான உதவி. விசா மறுக்கப்பட்டுத் திரும்பும் மாணவரையும் சமூகம் மறக்கலாகாது. முன்பணம் திரும்பி வரும்வரை அக்குடும்பத்தின் கடன் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளிக்கு வட்டியில்லாக் கைமாற்று அளிப்பது பாராட்டு விழாவினும் பெரிய பணி.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். இக்கணக்கைப் பெற்றோரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. தந்தை எந்த நிலத்தின் பேரில் கடன் பெற்றார், தாயின் எந்த நகை வங்கியில் உள்ளது, ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய் கொடுக்கப்பட்டது என்பவற்றைப் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். மாதந்தோறும் 992 யூரோ கைக்கு வரும்போது அது எங்கிருந்து புறப்பட்ட பணம் என்பது தெரிந்திருந்தால், அதைச் செலவிடும் முறையும் அதற்கேற்ப அமையும்.

கட்டணம் நாள் தவறாது, குறைவின்றிச் சென்று சேர்க, கல்வி சிறக்க, கடன் விரைந்து தீர்க.